முன்பணத்துக்கு முன் உரிம எண்: கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவின் புதுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்களை ஒருங்கிணைக்கும் தமிழ் மன்றங்கள், வாட்ஸ்அப் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

புதுவீடு கட்டித் தருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் முன்புறத்தை மட்டும் புல்லும் செடியுமாக ஒழுங்கு செய்துவிட்டு, கொல்லைப்புறத்தை வெறும் மண்ணாகவே விட்டுச் சாவியைக் கொடுக்கின்றன. குடியேறிய சில மாதங்களுக்குள் அந்த மண்ணை ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம், அதாவது எச்ஓஏ, பல இடங்களில் கெடு வைக்கிறது. வீட்டுக் கடனின் முதல் தவணைகள் கட்டத் தொடங்கியிருக்கும் அந்த நேரத்தில், கையில் மிச்சமிருப்பதைக் கொண்டு வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடியில், நம்மவர்கள் முதலில் கேட்பது நம்முடைய குழுக்களில்தான். "நல்ல லேண்ட்ஸ்கேப்பிங் காண்டிராக்டர் யாராவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்க, சில நிமிடங்களில் ஐந்தாறு தொலைபேசி எண்கள் வந்து விழுகின்றன. அவற்றோடு "எங்கள் வீட்டில் செய்தார், விலை குறைவு" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்த ஆளின் உரிம எண் ஏறத்தாழ ஒருபோதும் இருப்பதில்லை. இந்த மடலின் வேண்டுகோள் அதைப் பற்றியதே.

நான் இந்தத் துறையில் விலை மதிப்பீடு தயாரிக்கும் பணியில் இருப்பவன். என் நிறுவனத்துக்கு வேலை தேடி இதை எழுதவில்லை; ஆகவே அதன் பெயர் இதில் எங்கும் வராது. பாதியில் கைவிடப்பட்ட தோட்டங்களை அளந்து, மீதி வேலைக்கு விலை சொல்லும்படி அழைக்கப்படுகிறபோதெல்லாம், அந்தக் குடும்பங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாமல் விட்ட செய்திகள் இவ்வளவு எளிமையானவையா என்று எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமம். இந்த மாநிலத்தில் கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் வழங்குவது, சிஎஸ்எல்பி என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம். 1929 முதல் இயங்கிவரும் இந்த வாரியம் ஒவ்வொரு தொழில் பிரிவுக்கும் தனித்தனி வகை வைத்திருக்கிறது. தோட்டமும் நிலமும் அமைக்கும் வேலைக்கு உரியது சி-27. அதைப் பெற விரும்புகிறவர் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது நான்கு ஆண்டுகள் தேர்ந்த தொழிலாளியாகவோ அதற்கு மேற்பட்ட நிலையிலோ வேலை செய்திருக்க வேண்டும். தொழில் பற்றி ஒரு தேர்வும், சட்டமும் வணிகமும் பற்றி இன்னொரு தேர்வும் எழுத வேண்டும். கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். 2023 முதல் 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரமும், அதாவது விதிமீறலால் வரும் இழப்பை ஈடுகட்டுவதற்கான பாண்டும், வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் கடந்தவர் உங்கள் வீட்டில் பிழையே செய்யமாட்டார் என்று நான் சொல்லவில்லை. பிழை செய்தால் கேட்பதற்கு ஓர் இடமும், அவர் இழப்பதற்கு ஒரு பொருளும் இருக்கின்றன என்பதே உரிமத்தின் பயன்.

உரிமம் இல்லாதவர் எந்த வேலையுமே செய்யக்கூடாது என்பதில்லை. கூலியும் பொருளும் சேர்த்து மொத்தம் 500 டாலருக்குக் குறைவான சிறு வேலைகளுக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 1,000 டாலராக உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக்கூடாது, செய்பவர் வேறு ஆட்களை வேலைக்கு வைத்திருக்கவும் கூடாது. பெரிய வேலையை 900 டாலர், 900 டாலராகப் பிரித்துப் பல ரசீதுகளாக எழுதுவதும் சட்டத்துக்குப் புறம்பானதே. ஆகவே வாரந்தோறும் வந்து புல் வெட்டி, செடிகளைக் கத்தரித்துவிட்டுப் போகிற தோட்டக்காரரை நீங்கள் அச்சமின்றித் தொடரலாம். அதே மனிதர் கொல்லைப்புறம் முழுவதற்கும் கல் பதித்து, சுவர் எழுப்பி, நீர்க்குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும்போது நிலைமை வேறு. மரம் வெட்டுவதும் அப்படித்தான். வழக்கமான பராமரிப்பின் ஊடே 15 அடிக்குக் குறைந்த மரங்களின் கிளைகளைக் கழிப்பது தோட்டக்காரருக்கு அனுமதிக்கப்பட்டது. அதைவிட உயர்ந்த மரத்தில் ஏறுகிறவரிடம் அதற்கென உள்ள உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறுகிற ஓர் இடத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்டால், சிலர் நகராட்சி கொடுத்த "பிசினஸ் லைசென்ஸ்" என்ற தாளை எடுத்துக் காட்டுகிறார்கள். அது அந்த ஊரில் தொழில் நடத்துவதற்கு வரி கட்டியதன் அடையாளம் மட்டுமே; அவருக்குச் சுவர் கட்டத் தெரியுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது சிஎஸ்எல்பி எண். அந்த எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் இட்டால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகையைச் சேர்ந்தது, யார் பெயரில் இருக்கிறது, பிணைப்பத்திரம் உண்டா, தொழிலாளர் காப்பீடு உண்டா என்பதெல்லாம் கட்டணமின்றித் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் உங்கள் காசோலையில் எழுதச் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மைத்துனர் உரிமத்தில் செய்கிறேன், நண்பர் உரிமத்தில் செய்கிறேன் என்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உரிமத்தை இரவல் கொடுப்பதும் குற்றம், இரவல் வாங்குவதும் குற்றம்.

இனி விலை. ஒரே கொல்லைப்புறத்துக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். கடைசி விலை முதல் விலையில் பாதியாக இருக்கிறது. அதைக் கண்டதும் முதலாமவர் கொள்ளையடிக்கப் பார்த்தார் என்று நம் மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்கு அடியில் போய்ச் சேர்கிறது. கல் பதிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிகிற பேவர் கல் எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். அதன் கீழே மண்ணைத் தோண்டி எடுத்து, லாரியில் ஏற்றிக் கொட்டுமிடத்துக்குக் கட்டணம் கட்டி, நடைபாதைக்கு 4 முதல் 6 அங்குலம் சரளையை அடுக்கடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் மணல் பரப்பி, ஓரத்தில் கல் நகராமல் தடுப்பு வைக்க வேண்டும். குறைந்த விலை சொன்னவர் சரளையின் ஆழத்தைப் பாதியாக்கியிருப்பார், அல்லது இறுக்காமலே விட்டிருப்பார். முடிந்த அன்று இரண்டு வேலைக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போன பிறகு கற்கள் அலையலையாக அமிழ்ந்து, நீர் தேங்கி, நாற்காலி போட முடியாத தரையாகும்போது அந்தத் தொலைபேசி எண்ணை யாரும் எடுப்பதில்லை.

நீர் ஓடும் சரிவு இதைவிட முக்கியமானது. வீட்டின் அடித்தளத்திலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் குறைந்தது 6 அங்குலமாவது வெளிநோக்கித் தாழ வேண்டும் என்பது கட்டட விதி. காங்கிரீட் போன்ற நீர் புகாத தளமாக இருந்தால் 2 சதவீதச் சரிவு போதும். கட்டிய நிறுவனம் அந்தச் சரிவைக் கணக்கிட்டுத்தான் வீட்டை ஒப்படைத்திருக்கும். பிறகு வருகிறவர் அழகுக்காக மண்ணை மேடாக்கி, செடிப் பாத்திகளைச் சுவரோடு ஒட்டிவைத்து, வடிகால் குழாயையும் செலவுக் குறைப்பு என்று நீக்கிவிட்டால், மழைநீர் அடித்தளத்தை நோக்கித் திரும்புகிறது, அல்லது வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. இங்கே பல பகுதிகளில் இருப்பது ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். அந்த மண்ணில் அடித்தளத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தால் சுவரில் விரிசல் விழுவதற்கு அதுவே போதும். தோட்டத்தில் மிச்சப்படுத்திய பணத்தை வீட்டிலே இழப்பது இப்படித்தான்.

செடிகளும் இதற்கு விலக்கல்ல. கட்டுமானத்தின்போது கனரக வாகனங்கள் ஏறியிறங்கி இறுகிப்போன மண்ணை ஆழமாகக் கிளறி மட்கு உரம் கலக்காமல், குழி தோண்டி நட்டுவிட்டுப் போனால், எலுமிச்சையானாலும் மல்லிகையானாலும் வேர் அந்தக் குழியைத் தாண்டுவதில்லை. மண்ணைத் தயார் செய்வதற்கு ஆகும் கூலி மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் பக்கவாட்டுச் சந்து குறுகலாக இருந்து சிறு எந்திரம்கூட உள்ளே நுழைய முடியாவிட்டால், எல்லா மண்ணும் எல்லாக் கல்லும் தள்ளுவண்டியில்தான் போய்வர வேண்டும். அந்தக் கூலி உயர்வு நியாயமானது. ஆகவே மூன்று விலைகளை ஒப்பிடும்போது கடைசித் தொகையை ஒப்பிடாதீர்கள். சரளை எத்தனை அங்குலம், வடிகால் எத்தனை அடி, மண் அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எத்தனை வால்வு என்று மூவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரின் குறைந்த விலை, அவரே எப்போது வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளக்கூடிய விலை.

விலை குறைவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமானது அதுதான். முறையான நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீட்டுத் தொகை கட்டுகிறது. இந்தத் தொழிலில் அது சிறு தொகையல்ல. ஆட்கள் கனமான கல்லைத் தூக்குகிறார்கள், அறுக்கிறார்கள், பள்ளத்தில் இறங்குகிறார்கள், கோடை வெயிலில் நாள் முழுவதும் நிற்கிறார்கள். அந்தக் காப்பீட்டை விட்டுவிட்டால் விலையைத் தாராளமாகக் குறைக்கலாம். உரிமமில்லாதவரின் ஆள் உங்கள் கொல்லைப்புறத்தில் விரலை இழந்தால், சட்டத்தின் முன் நீங்களே அவருடைய முதலாளியாகக் கருதப்படக்கூடும். மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்களைத் தேடி வரக்கூடும். உங்கள் வீட்டுக் காப்பீடு அதை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் நான் உங்களை அச்சுறுத்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளி பெரும்பாலும் நம்மைப் போலவே வேறு நாட்டிலிருந்து வந்து, ஊரில் ஒரு குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவர். அடிபட்டால் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. நாம் பெற்ற தள்ளுபடி அவருடைய பாதுகாப்பிலிருந்து எடுத்தது என்பதைத் தெரிந்தும் அதைப் பெற நம்மில் யாரும் விரும்பமாட்டோம் என்றே நம்புகிறேன்.

இதைச் சோதிக்கவும் வாரியத்தின் இணையதளமே உதவும். பணியாளர் எவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துக் காப்பீட்டு விலக்குப் பெற சி-27 உரிமதாரருக்கு வழி இருக்கிறது. உரிமப் பக்கத்தில் விலக்கு என்று போட்டிருந்தும் காலையில் நான்கு பேர் வண்டியிலிருந்து இறங்கினால், அவர்கள் யார், எந்தக் காப்பீட்டின் கீழ் வேலை செய்கிறார்கள் என்று முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

முன்பணம் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது, ஆனாலும் நம்மவர்களில் மிகப் பலருக்கு இது தெரியாது. வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரர் வாங்கக்கூடிய முன்பணம், மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே. 50,000 டாலர் வேலையானாலும் முன்பணம் 1,000 டாலரைத் தாண்டக்கூடாது. வாரியத்திடம் சிறப்புப் பிணைப்பத்திரம் வைத்திருக்கும் மிகச் சில நிறுவனங்களுக்கு மட்டும் இதில் விலக்குண்டு. அதுவும் அவர்களுடைய உரிமப் பக்கத்தில் தெரியும். அதன் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு தவணையும் அதுவரை முடிந்த வேலை, வந்து இறங்கிய பொருள் ஆகியவற்றின் மதிப்பை மீறக்கூடாது. "பொருள் வாங்க வேண்டும், பாதியைக் கொடுங்கள்" என்பது எவ்வளவு இயல்பாகக் காதில் விழுந்தாலும், அது சட்டத்துக்கு எதிரான கோரிக்கை. பாதியில் நின்றுபோன வேலைகளில் பெரும்பாலும் நான் காண்பது இந்தப் பாதிப் பணம்தான்.

முழுப் பணத்தையும் நேர்மையாகக் கொடுத்த பிறகும் ஒரு தொல்லை வரக்கூடும். கல் கொடுத்த கடைக்கோ துணை ஒப்பந்ததாரருக்கோ முதன்மை ஒப்பந்ததாரர் பணம் தராமல் விட்டால், அவர்கள் அந்தப் பாக்கிக்காக உங்கள் வீட்டின்மீதே பற்றுரிமை, அதாவது லியன், பதிவு செய்ய முடியும். தபாலில் "பிரிலிமினரி நோட்டீஸ்", அதாவது முன்னறிவிப்பு, என்று ஒரு தாள் வந்தால் அதை விளம்பரம் என்று குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். உங்கள் வேலைக்கு யார் பொருள் கொடுக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் அவர்களிடமிருந்து உரிமை விடுவிப்புப் படிவம் வாங்கித் தரும்படி கேளுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, எச்ஓஏ ஒப்புதல் வேறு, நகராட்சி அல்லது கவுண்டி தரும் பெர்மிட் வேறு. ஒன்று கிடைத்ததும் மற்றது தேவையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். செடி நடுவதற்கும் பேவர் பதிப்பதற்கும் பொதுவாகப் பெர்மிட் வேண்டியதில்லை. மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவர் 4 அடியைத் தாண்டினால் வேண்டும். அந்த 4 அடி, வெளியே தெரியும் உயரமல்ல. மண்ணுக்குள் இருக்கும் அடித்தளத்தின் அடியிலிருந்து சுவரின் உச்சி வரை அளப்பது. வெளியே 3 அடி தெரிகிற சுவரே பெர்மிட் கேட்கும் சுவராக இருக்கலாம். சுவருக்குப் பின்னால் சரிவோ, வண்டிப்பாதையோ, வேறு சுமையோ இருந்தால் 4 அடிக்குக் குறைவானாலும் விலக்கில்லை. சில நகரங்கள் இதைவிடக் கடுமையான வரம்பும் வைத்திருக்கின்றன. எரிவாயு அடுப்புக்கும் தீமேடைக்கும் (ஃபயர் பிட்) குழாய் இழுத்தாலோ, மின் இணைப்புப் போட்டாலோ, நீச்சல் குளம் தோண்டினாலோ பெர்மிட் கட்டாயம். தோட்ட வேலையின் பகுதியாக நீச்சல் குளத்தையும் சேர்த்து சி-27 உரிமதாரர் ஒப்பந்தம் போடலாம். ஆனால் அவரிடம் குளத்துக்கான சி-53 உரிமமும் இல்லாவிட்டால், குளத்தை அந்த உரிமம் உள்ளவரிடம்தான் அவர் கொடுக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் செய்தால் விலை குறையும் என்று சொல்கிறவர், வீட்டை விற்கும் நாளில் வரப்போகும் கேள்விக்குப் பதில் சொல்ல இருக்கமாட்டார்.

நீர் விதிகளும் உண்டு. வறட்சி கடுமையாக இருந்த 2015இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து மாநிலத்தின் நீர்ச் சிக்கனத் தோட்ட விதிகள் இறுக்கப்பட்டன. பெர்மிட்டோ வரைபட ஒப்புதலோ தேவைப்படும் புதிய தோட்டம் 500 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் அவை பொருந்தும். 1,000 சதுர அடிக்கு 4 கன கெஜம் மட்கு உரத்தை 6 அங்குல ஆழத்துக்குக் கலப்பது, வெற்று மண்ணின்மேல் 3 அங்குல மூடாக்கு இடுவது போன்றவை அதில் அடங்கும். விதி இல்லாவிட்டாலும் இவை செய்யத்தக்க வேலைகளே. புல்லை எடுத்துவிட்டுக் குறைந்த நீரில் வளரும் செடிகளை வைப்பதை எச்ஓஏ தடுக்க முடியாது என்று குடிமைச் சட்டத்தின் 4735ஆம் பிரிவு சொல்கிறது. செயற்கைப் புல்லைப் பொறுத்தவரை, அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நகரங்களுக்கு 2023இல் வந்த சட்டம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆகவே செயற்கைப் புல்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நகராட்சியிடம் கேளுங்கள்.

எந்த வேலையானாலும் தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலைநாள் முன்னதாக 811 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். செலவேதும் இல்லை. அவர்கள் மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை என்று தரையில் அடையாளமிட்டுத் தருவார்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர் தானே போட்டுக்கொண்ட குழாய்களை அவர்கள் பொதுவாகக் குறிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே உரிமமில்லாதவரிடம் சிக்கிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். உரிமம் தேவையான வேலையை அது இல்லாமல் செய்தவர், பாக்கித் தொகைக்காக உங்கள்மீது வழக்குப் போட முடியாது. நீங்கள் ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுக்க வணிக, தொழில்சட்டத் தொகுப்பின் 7031ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. உரிமதாரரைப் பற்றிய புகாரை, தவறு நடந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் வாரியத்திடம் கொடுக்கலாம்.

இப்போது தமிழ் மன்றங்களுக்கும் குழுப் பொறுப்பாளர்களுக்கும் என் நேரடி வேண்டுகோள். உங்கள் குழுவில் ஒப்பந்ததாரர் எவரையாவது யாராவது பரிந்துரைத்தால், சிஎஸ்எல்பி எண்ணும் சேர்ந்தே வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். எண் இல்லாத பரிந்துரையை மரியாதையோடு நீக்குங்கள். பரிந்துரைப்பவர் தன் வீட்டு வேலை முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் எழுதினால் நல்லது. நேற்று முடிந்த வேலையைப் பற்றிய பாராட்டைவிட, மழைக்காலம் கண்ட வேலையைப் பற்றிய ஒரு வரி மதிப்பு மிக்கது.

இரண்டாவதாக, வீட்டில் இருக்கும் நம் பெற்றோர்களைப் பற்றி. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும்போது கதவைத் தட்டி, இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்று சொல்லி ஒப்பந்தம் எழுதிச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்தான இத்தகைய ஒப்பந்தத்தை மூன்று வேலைநாட்களுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு. கையெழுத்திட்டவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருந்தால் ஐந்து வேலைநாட்கள். இந்த ஒரு செய்தியைத் தமிழில் அச்சிட்டு, உங்கள் பொங்கல் விழாவிலும் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவிலும் பெரியவர்கள் கையில் கொடுக்க முடியுமானால் பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தரவும், மன்றக் கூட்டத்துக்கு வந்து மதிப்பீடுகளை எப்படிப் படிப்பது என்று விளக்கவும் எந்தக் கட்டணமும் இல்லாமல் நான் ஆயத்தமாக இருக்கிறேன். இம்மடலை மாற்றாமல் எங்கும் பகிரலாம். விதிகளும் வரம்புகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வாரியத்தின் பக்கத்திலும் உங்கள் நகராட்சியிடமும் நடப்பு விதியைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க அன்புடன்,
தோட்ட அமைப்புத் துறையில் பணிபுரியும் ஒரு தமிழன்